இரண்டாவது துவக்கு

வைலே தேவாலய மண்டபத்தில் போன மாதம் பூசை முடிந்த பிறகு, கோப்பிக் கோப்பையோடு என்னைச் சுற்றி நின்ற மூன்று பேருக்கும் இதை எழுதுகிறேன். நீங்கள் மூவரும் இந்த நாட்டில் பிறந்தவர்கள். பொலிஸ் பயிற்சியை முடித்து, சாதாரண உடையில் ஆட்களுக்குக் காவல் நிற்கிற வேலைக்கு இப்போதுதான் போயிருக்கிறீர்கள். நான் அதே வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவள். உங்களில் மூத்தவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

“அன்ரி, பெரிய பிஸ்டலோட மறைச்சு வைக்க ஒரு சின்னதும் எடுக்கலாமாம். எது நல்லம்? என்ன மொடல்?”

நான் வாயைத் திறக்க முன் யாரோ கேக் தட்டை நீட்டினார்கள். பிறகு உங்கள் அம்மாமார் வந்துவிட்டார்கள். அந்தக் கேள்விக்கு அங்கே பதில் சொல்ல முடியவில்லை.

எழுதித் தரச் சொன்னீர்கள், முடிந்தால் டேனிஷில். வேலை செய்த காலமெல்லாம் அறிக்கைகளை டேனிஷில்தான் எழுதினேன். யார் எங்கே நின்றார், என்ன செய்தார் என்பதோடு அறிக்கை முடிந்துவிடும். அதில் எழுத முடியாமல் போனவற்றைத் தமிழில் எழுதவே விருப்பம். வாசிக்கச் சிரமமென்றால் அம்மாவைக் கொண்டு வாசிப்பியுங்கள். பிஸ்டலும் துவக்கும் வருகிற இடங்களில் அவருடைய குரல் இறங்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். மன்னாரிலிருந்து வைலேக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினாறு வயது. பொலிசில் சேரப்போகிறேன் என்று சொன்ன அன்று அம்மா கையிலிருந்த சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் கடந்து வந்தனாங்கள். நீ அதை இடுப்பில கட்டிக்கொண்டு திரியப் போறியோ?” என்றார். நான் ஓம் என்றேன். அதன்பிறகு நான் வேலை உடையோடு வீட்டுக்கு வந்தால், துவக்குத் தொங்கும் என் வலது பக்கத்தில் அம்மா உட்காரமாட்டார். இடது பக்கம்தான் உட்காருவார். கடைசிவரை அப்படித்தான்.

இஷொய் புறநகரில் ரோந்து போன வருடங்களை இப்போது நினைத்தால் மனசு நிறைகிறது. குளிர்கால விடியலில் காரின் கண்ணாடியைச் சுரண்டுவோம். பக்கத்து இருக்கைக்காரன் கொண்டுவந்த கறுப்புப் பாணில் ஈரல் பசை பூசியிருக்கும். அவனுக்கு என்னுடைய மீன் கட்லட். அடுக்குமாடிகளுக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளைகள் எங்கள் காருக்குக் கை காட்டுவார்கள். அந்தக் காலத்தில் என்னிடம் ஒரு துப்பாக்கிதான் இருந்தது. எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இடுப்பில் தொங்கியது. மறைக்கிற வேலை பிறகுதான் வந்தது.

அச்சுறுத்தப்பட்ட சாட்சிகளைக் காக்கும் சிறு குழுவுக்கு என்னை எடுத்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தேன். சாதாரண உடை, கண்ணில் படாமல் நிற்பது, கண்ணில் படாமல் துப்பாக்கி வைத்திருப்பது. விரும்பியவர்கள் இரண்டாவதாக ஒரு சின்னக் கைத்துப்பாக்கி எடுக்கலாம் என்று அனுமதி இருந்தது. எங்கள் ஆயுதப் பயிற்சியாளர் ஒரு பெண். என்னைவிட இளையவர். யூலான்டில் ஒரு பன்றிப் பண்ணையில் வளர்ந்தவர். சிவந்த கன்னம், குறைந்த பேச்சு, எந்நேரமும் வாயில் உப்பு அதிமதுர மிட்டாய். பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, விடுகிறேன்.

அவர் ஒரு சாம்பல் நிறப் போர்வையை மேசையில் விரித்துச் சின்னக் கைத்துப்பாக்கிகள் சிலவற்றை அடுக்கினார். நான் யோசிக்காமல் இருந்ததிலேயே சின்னதை எடுத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கியது. அழகாகவும் இருந்தது.

“ஏன் அது?” என்றார். டேனிஷில் எல்லோருக்கும் ஒரே ‘நீ’தான் என்பது உங்களுக்குத் தெரியும்.

“மறைக்க இலகு.”

“சரி. உன் முதலாவது துப்பாக்கிக்கு என்ன நடந்தது?”

“ஒன்றும் நடக்கவில்லையே. இதோ இருக்கிறது.”

“அப்படியானால் இரண்டாவது எதற்கு? முதலாவது உன் கையில் இல்லாமல் போன கதையை எனக்குச் சொல். பிறகு தேர்ந்தெடு.”

என்னிடம் கதை இல்லை. போய் யோசித்துக்கொண்டு வரச் சொன்னார். நான் போய் யோசித்தேன். காருக்குள் இருக்கிறேன், இருக்கைப் பட்டியும் ஒருவனுடைய முழங்காலும் என் வலது கையை நசுக்கிக்கொண்டிருக்கின்றன. படிக்கட்டில் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஒருவன் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துப் பெரியதைப் பறித்துவிட்டான். ஒவ்வொரு கதையையும் அவர் எனக்குச் செய்து காட்டினார். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே காருக்குள் தள்ளி என் வலது கையில் முழங்காலை ஊன்றினார். பிறகு, “இப்போது எடு,” என்றார்.

கணுக்காலில் கட்டியிருந்த அந்த அழகான சின்னத் துப்பாக்கியை என்னால் தொடவே முடியவில்லை. நின்றுகொண்டு எடுத்தபோது இரண்டு விரலுக்குத்தான் பிடி இருந்தது. குளிர்கையுறையோடு விசை வளையத்துக்குள் விரல் போகவில்லை. படிகளில் மேலும் கீழும் ஓடவிட்டு இடது கையால் சுடச் சொன்னார். சின்னத் துப்பாக்கி மெதுவாகத்தானே உதைக்கும் என்று நினைத்திருந்தேன். பாரம் குறைந்ததால் அது பெரியதைவிட மோசமாக உதைத்தது. பெரியதால் சுட்ட தாளில் துளைகள் ஒரு கோப்பைக்குள் அடங்கின. சின்னதால் சுட்ட தாளில் கோழிக்குத் தீனி எறிந்ததுபோல் அங்கும் இங்கும் கிடந்தன. இரண்டு மூன்று துளைகளைக் காணவே இல்லை. அவை தாளில் படவே இல்லை.

அவர் அந்தத் தாளைக் கழற்றவில்லை. தாளுக்குப் பின்னால் இருந்த வெறும் சுவரைக் காட்டினார். “காணாமல் போனவை அங்கே போயிருக்கின்றன. அங்கே யார் நின்றார்கள்?” என்று கேட்டார்.

கடைசியில் எடுத்தது வேறொன்று. கொஞ்சம் பெரியது, தட்டையானது, முழுக் கையும் பிடிக்கலாம். முக்கியமாக, விசையும் குண்டுகளை மாற்றும் பொத்தானும் என் பெரிய துப்பாக்கியில் எங்கே இருந்தனவோ அங்கேயே இருந்தன. பயத்தில் கைக்கு இரண்டு பாடம் ஞாபகம் வராது, ஒன்றுதான் வரும் என்றார். கணுக்கால் வேண்டாம், இடது இடுப்பு, அதுவும் ஒவ்வொரு நாளும் அதே இடம் என்றார். மொடல் பெயரை எழுதவில்லை. அது இப்போது பாவனையிலேயே இல்லை. உங்கள் காலத்துக்கு வேறு வந்திருக்கும். பொத்தான்கள் எங்கே இருக்கின்றன என்று மட்டும் பாருங்கள்.

எங்கள் குழுவில் ஒருவன் தன் சின்னத் துப்பாக்கியைக் குளிர்ச்சட்டையின் உள்பையில் வைத்திருந்தான். ஒருநாள் சாட்சியோடு கோப்பிக் கடைக்குப் போனான். உள்ளே வெக்கை. சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டான். திரும்பும்போது சாட்சியைக் கூட்டிக்கொண்டு வந்தான், சட்டையைக் கூட்டிக்கொண்டு வரவில்லை. பரிமாறுகிற பெண் தெருவில் ஓடிவந்து, “உங்கள் சட்டை சரியான பாரமாயிருக்கிறது, உள்ளே என்ன, கல்லா?” என்று கேட்டுக் கொடுத்தாளாம். அவனே இதைப் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சிரிப்பான். சிரித்து முடிந்ததும் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொள்வான். நல்ல மனிதன். இப்போது ஃபியூனில் ஆப்பிள் வளர்க்கிறான். கிறிஸ்மசுக்கு எனக்கு ஒரு பெட்டி அனுப்புவான்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். இதைத்தான் எழுத வந்தேன்.

இஷொயில் மரக்கறியும் மீனும் விற்கிற கடை வைத்திருந்த ஒரு தமிழர் இருந்தார். எல்லோருக்கும் அவர் கடைக்கார அண்ணை. அவருடைய கடை வாசலில் ஓர் இளைஞன் சுட்டுக் கொல்லப்பட்டான். போதைப்பொருள் விற்கிற ஒரு கும்பலின் வேலை. தெருவில் நின்ற எவரும் எதையும் காணவில்லை. அண்ணை மட்டும் கண்டதாகச் சொன்னார். சுட்டவன் யாரென்று நீதிமன்றத்தில் சொல்லவும் சம்மதித்தார். அதன்பிறகு கடை பூட்டப்பட்டது. அவரும் மனைவியும் எங்கள் காவலில் வேறு ஊரில் இருந்தார்கள்.

வழக்குக்குச் சற்று முன்னர் அவருடைய மகளுக்கு விபோர்க்கில் கல்யாணம். அது முன்பே நிச்சயிக்கப்பட்டது. மாப்பிள்ளை வீட்டார் அந்த ஊர். பெந்தெகொஸ்தே சபையில் ஆராதனை, பிறகு மண்டபத்தில் விருந்து. அண்ணை போகக்கூடாது என்று மேலிடம் சொன்னது. அதை அவரிடம் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள்.

அவர் கோபப்படவில்லை. “அக்கா, என்ர பிள்ளையின்ர கையைப் பிடிச்சுக் குடுக்கப் பயந்து ஒளிச்சிருந்திட்டு, கோர்ட்டில போய் நான் பயமில்லாத மனிசன் எண்டு எப்பிடி நிக்கிறது?” என்றார்.

நான் திரும்பிப் போய் அதை டேனிஷில் சொன்னேன். அதிகாரி கடைசியில் சம்மதித்தார். வாசலிலும் கார் தரிப்பிடத்திலும் ஆண்கள் நிற்பார்கள். உள்ளே, அண்ணையின் பக்கத்தில், உறவுக்காரி மாதிரி நான். அதாவது சேலையில்.

உங்களில் ஒருவர் பெண். உங்களுக்கு இது நாளைக்கே தேவைப்படலாம்.

பயிற்சியாளரிடம் சொன்னேன். “அதை உடுத்துக்கொண்டு சுடுகூடத்துக்கு வா,” என்றார். பட்டுச் சேலையில் நான் அங்கே போய் நின்றபோது, குழுவில் இருந்த அத்தனை பேரும் கோப்பியோடு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். எல்லோரையும் விரட்டிவிட்டுக் கதவைச் சாத்தினார். பெரிய துப்பாக்கிக்குச் சேலையில் இடமே இல்லை, எங்கே வைத்தாலும் புடைத்தது. கைப்பையில் வைக்கட்டா என்று கேட்டேன். “கைப்பையை மேசையில் வைத்துவிட்டு மணமகளைக் கட்டியணைக்கப் போவாய்,” என்றார். சின்னதை இடது இடுப்பில் உள்பாவாடைக்கு மேலாக ஒரு துணிப்பட்டியில் செருகி, முந்தானையால் மூடினோம். எடுக்கப் போனேன். தோளில் குத்தியிருந்த ஊசி முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டது. ஊசியைக் கழற்றிவிட்டு எடுத்தேன். இடுப்பில் செருகியிருந்த கொய்யக மடிப்பு முழுவதும் அவிழ்ந்து காலடியில் விழுந்தது. நாங்கள் இருவரும் சுவரில் சாய்ந்து சிரித்தோம். பிறகு அந்தப் பண்ணைக்காரி மகள் வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு முழந்தாளிட்டு என் கொய்யகத்தை அடுக்கினார். எப்படி மடித்தால் கை தடங்கலின்றிப் போகும் என்று கண்டுபிடிக்கும்வரை விடவில்லை. அந்தப் பின்னேரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும், கூடவே கண்ணும் கலங்கும்.

புறப்படும்போது, “இன்றைக்கு இதுதான் உன் முதலாவது,” என்றார்.

“அப்படியானால் இரண்டாவது?”

“உனக்குத் தமிழ் தெரியுமே,” என்றார்.

கல்யாணத்தன்று விபோர்க்கில் காற்று ஆளைத் தள்ளியது. ஆராதனை நல்லபடி முடிந்தது. அண்ணை மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவருடைய கோட்டு உடம்புக்குப் பொருந்தாமல் தொங்கியது. காவலில் இருந்த காலத்தில் மெலிந்துவிட்டார். மண்டப வாசலில் குளிருடைகள் மாட்டும் அறை. எல்லோரும் அங்கே கழற்றி மாட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். ரோல்ஸ், பற்றிஸ், பழச்சாறு. மாப்பிள்ளையோடு வேலை செய்கிற டேனிஷ்காரர்கள் ஒரு மேசை முழுக்க இருந்தார்கள். அவர்களுடைய வழக்கப்படி முள்ளுக்கரண்டியால் பீங்கானைத் தட்டத் தொடங்கினார்கள். தட்டினால் மணமக்கள் எழுந்து முத்தமிட வேண்டும். எங்கள் ஆட்கள் முதலில் வெட்கப்பட்டார்கள். பிறகு பிள்ளைகள் தட்டினார்கள், பிறகு எல்லோருமே தட்டினார்கள். மண்டபம் அதிர்ந்தது.

அந்தச் சத்தத்துக்குள்தான் அவன் வந்தான். தமிழ்ப் பையன், வாசலில் நின்றவர்கள் விருந்தாளியென்று விட்டிருக்க வேண்டும். இருபத்தைந்து வயதிருக்கும். மொட்டைத்தலை, தாடி. குளிருடையைக் கழற்றவில்லை. வலது கை அதற்குள் இருந்தது. எவரையும் பார்த்துத் தலையசைக்கவில்லை, மணமக்களைப் பார்க்கவில்லை. அண்ணையை மட்டும் பார்த்துக்கொண்டு நேரே வந்தான்.

என் கை சேலைக்குள் போய்விட்டது. பயிற்சியில் போனதைவிட வேகமாகப் போனது. பிடி முழுவதும் கையில் இருந்தது.

இதைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். அது நடந்த நேரம் மிகக் கொஞ்சம். ஆனால் உள்ளே அது நீளமாக இருந்தது. அவனுக்குப் பின்னால் பிள்ளைகளின் மேசை. ஒரு சிறுமி கதிரையில் ஏறி நின்று கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தச் சின்னத் துப்பாக்கியால் நான் எவ்வளவு நன்றாகச் சுடுவேன் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு மோசமாகச் சுடுவேன் என்றும் தெரியும். சத்தம் போட்டால் அவன் கையை வெளியே எடுப்பான். சேலைச் சட்டைக்குள் இருந்த ஒலிவாங்கியில் சொல்லிவிட்டேன். ஆனால் வாசலில் நிற்பவர்கள் மண்டபத்தைக் கடந்து வர வேண்டும். அவன் அவர்களைவிடக் கிட்ட இருந்தான். அவனுக்கும் அண்ணைக்கும் நடுவில் இருந்தது நான் மட்டும்தான்.

நான் கையைத் துப்பாக்கியிலிருந்து எடுத்தேன்.

எடுத்துவிட்டு, கனகாலம் காணாத உறவுக்காரப் பிள்ளையைக் கண்டவள்போல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு போனேன். “தம்பி! எவ்வளவு காலம்! என்னை மறந்திட்டீரே?” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே, குளிருடைக்குள் இருந்த அவனுடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். உடம்பை அவன்மேல் சாய்த்து அந்தக் கையை அவன் வயிற்றோடு அழுத்தினேன். துணிக்குக் கீழே இரும்பு தட்டுப்பட்டது.

“விடுங்கோ அன்ரி,” என்றான் மெதுவாக.

“விடமாட்டன். நான் பொலிஸ். சிரிச்சுக்கொண்டு நில்லும். பிள்ளையள் பாக்குதுகள்.”

அவன் என் தோளுக்கு மேலால் அண்ணையைப் பார்த்தான். “நான் அவருக்கு ஒண்டும் செய்ய வரேல்ல. அவருக்குக் கிட்ட நிக்கோணும். அவ்வளவுதான்.”

அவ்வளவு கிட்டப் பார்த்தபோதுதான் தெரிந்தது. தாடிக்கு மேலே இருந்தது அண்ணையின் அதே மூக்கு. அண்ணைக்கு ஒரு மகன் இருப்பதும், அவன் தகப்பனோடு கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போனதும் எங்களுக்குத் தெரியும். எங்களிடம் இருந்தது பாடசாலைக் காலத்துப் படம். அதில் நெற்றி மறைய முடி இருந்தது.

“நீர் யோசுவாவே?”

“ஓம்.”

“இது எதுக்குத் தம்பி?”

“அந்தக் கும்பல் ஆக்கள் இண்டைக்கு வருவாங்களெண்டு கதை வந்தது. எனக்கு அவங்களைத் தெரியும். அப்பாவை ஒருத்தரும் பாக்கேல்ல எண்டு நினைச்சன்.”

“நான் பாத்துக்கொண்டுதான் நிக்கிறன். என்ர இடுப்பிலயும் ஒண்டு இருக்கு.”

அவன் என்னுடைய பட்டுச் சேலையைக் குனிந்து பார்த்தான். நம்பவில்லை என்றுதான் நினைத்தேன். எங்களைச் சுற்றிப் பீங்கான்கள் அதிர்ந்துகொண்டிருந்தன.

“விரலை எடும். ஒவ்வொண்டா எடும். பிறகு ரெண்டு பேரும் கோட்டு மாட்டுற அறைக்கு நடப்பம்.”

குளிருடைக்குள் விரல்கள் தளர்வது என் கைக்குத் தெரிந்தது. மணிக்கட்டை விடாமலே மண்டபத்தின் ஓரமாக நடந்தோம். ஒரு மாமி எங்களைப் பார்த்து, “ரோல்ஸ் எடுக்கேல்லையோ?” என்று கேட்டார். வந்து எடுப்போம் என்றேன்.

நாங்கள் அந்தப் பக்கம் வருவதைக் கண்டு, அறைக்குள் என் சக அதிகாரி காத்திருந்தான். குளிருடையிலிருந்து வெளியே வந்தது ஒரு பழைய சின்னத் துப்பாக்கி. குண்டு நிரப்பியிருந்தது. நான் முதன்முதலில் ஆசைப்பட்டு எடுத்ததைவிடவும் சின்னது. இரண்டு விரலுக்குத்தான் பிடி. அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். தகப்பனைக் காக்க வந்த மகனை அவனுடைய தங்கையின் கல்யாணத்தில் நான் சுட்டிருப்பேன். அல்லது ஆபத்தென்று நினைத்து அவன் என்னைச் சுட்டிருப்பான். தப்பிய குண்டுகள் எங்கே போயிருக்கும் என்று யோசிக்க விரும்பவில்லை.

விலங்கு மாட்டி இரண்டு தடவை உடம்பைச் சோதித்தோம். நேரே காருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது விதி. அவன் கேட்டான்: “அன்ரி, தங்கச்சியை ஒருக்காப் பாக்கலாமோ? உள்ளுக்கு வரேல்ல. இதில நிண்டு.”

அறைக் கதவில் ஒரு கண்ணாடி இருந்தது. சக அதிகாரி தலையை ஆட்டி வேண்டாம் என்றான். ஆயுதம் எங்கள் கையில் இருந்தது, அவனுடைய கை பின்னால் கட்டியிருந்தது, உள்ளே யாருக்கும் இந்தப் பக்கம் தெரியாது. நான் யோசித்துவிட்டு, சரி என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று கண்ணாடியால் பார்த்தான். மணமக்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் ஓர் ஆளை மறந்துவிட்டேன். என்னைக் காணாத அண்ணை தேடிக்கொண்டு அறைக்கு வந்துவிட்டார், பின்னால் இன்னொரு காவலரோடு. மகனைக் கண்டார். விலங்கைக் கண்டார். மேசையில் பையில் போட்டிருந்த துப்பாக்கியைக் கண்டார்.

“உன்னை நான் கூப்பிடேல்ல,” என்றார்.

“ஓம் அப்பா.”

கண்ணாடிக் கதவால் மகளைப் பார்த்தார். “கூப்பிட்டிருக்கோணும்,” என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். “இவனை என்ன செய்வியள்?”

“சட்டப்படிதான் அண்ணை. மறியல்ல போடுவினம்.”

“சரி. மகளுக்கு இண்டைக்குச் சொல்லாதேங்கோ. நாளைக்கு நான் சொல்லுறன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனார். தகப்பனுடைய பேச்சுக்கு அவரை அழைத்தார்கள். ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். குரல் உடையவில்லை. நான் மறுபடி அவர் பக்கத்தில் நின்றேன்.

அன்று வேறு யாரும் வரவில்லை. கதை பொய்யோ, அல்லது தரிப்பிடத்தில் நின்றவர்களைக் கண்டு திரும்பினார்களோ தெரியாது. அண்ணை நீதிமன்றத்தில் தான் கண்டதைச் சொன்னார், சுட்டவன் தண்டிக்கப்பட்டான். துவக்கு வைத்திருந்ததற்காக யோசுவாவும் சிறைக்குப் போனான்.

என்னுடைய அதிகாரி இரண்டு காரியத்துக்கு என்னைக் கண்டித்தார். வெறுங்கையோடு ஆயுதக்காரனுக்குக் கிட்டப் போனது ஒன்று, கண்ணாடிக் கதவு மற்றது. இரண்டாவதை ஏற்றுக்கொண்டேன். சாட்சி தேடி வருவார் என்று யோசித்திருக்க வேண்டும். முதலாவதைப் பற்றி வாதாடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பயிற்சியாளர் அழைத்துக் கோப்பி ஊற்றினார்.

“அவன் உன்னைச் சுட வந்திருந்தால்?” என்றார்.

“செத்திருப்பேன்.”

“ஆம்,” என்றார். மிட்டாய்ப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

ஆகவே, பிள்ளைகளே, என்னைப் பின்பற்றச் சொல்லி இதை எழுதவில்லை. அதே மண்டபத்தில், அதே சத்தத்தில், வேறொருவன் வந்திருந்தால் நான் செய்தது பிழையாகியிருக்கும், எடுத்துச் சுட்டிருக்க வேண்டும். எது எப்போது என்று யாராலும் உங்களுக்கு முன்கூட்டிச் சொல்ல முடியாது. நான் சொல்லக்கூடியது இதுதான். எதை எடுத்தாலும் அது உங்கள் கைக்கு முழுதாகப் பொருந்தட்டும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்கப் பழகுங்கள். அது இடுப்பில் இருக்கிறது என்ற கவலை இல்லாமல் இருந்தால்தான் எதிரே வருபவனுடைய முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கும். அன்று கைப்பையைத் தேடிக்கொண்டோ, ஊசியைக் கழற்றிக்கொண்டோ நின்றிருந்தால் நான் அந்த மூக்கைக் கண்டிருக்கமாட்டேன்.

ஓய்வு பெற்ற நாளில் இரண்டு துப்பாக்கியையும் திருப்பிக் கொடுத்தேன். சில வாரங்கள் இடது பக்கம் சாய்ந்து நடப்பதுபோல் இருந்தது. பழகிவிட்டது. ஆட்களைத்தான் தேடுகிறேன். காரில் பக்கத்து இருக்கையில் இருந்தவனை, ஆப்பிள்காரனை, வாயில் ஊசியோடு முழந்தாளிட்டிருந்தவளை.

போன குளிர்காலம் ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியச் சடங்குக்காக விபோர்க் போனேன். புகையிரத நிலையத்திலிருந்து பேருந்தில் ஏறினேன். சாரதி என்னைப் பார்த்துவிட்டு, “அன்ரி,” என்றான். தாடி இல்லை. முடி வளர்ந்திருந்தது. அப்போதும் மூக்கைக் கொண்டுதான் கண்டுபிடித்தேன்.

அண்ணை சுகமா என்று கேட்டேன். மகளின் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார், பேரப்பிள்ளைகளோடு கத்திக்கொண்டிருக்கிறார் என்றான். எனக்குப் பின்னால் ஆட்கள் ஏறக் காத்திருந்தார்கள். நான் உள்ளே நகரப் போனபோது மறித்தான்.

“அன்ரி, ஒண்டு சொல்லோணும். அண்டைக்கு நீங்கள் பொலிஸ் எண்டதுக்காக நான் துவக்கை விடேல்ல.”

“அப்ப?”

“உங்கட கை ஐஸ் மாதிரி இருந்தது. நடுங்கினது. முகத்தில சிரிப்பு, கை நடுங்குது. எனக்கும் அப்பிடித்தான் நடுங்கினது. பயந்துபோன ரெண்டு பேருக்கு ரெண்டு துவக்குக் கூடிப்போச்செண்டு நினைச்சன். அதுதான் விட்டனான்.”

பின்னால் நின்றவர்களை ஏற்றினான், கதவைச் சாத்தினான்.

“இருங்கோ அன்ரி,” என்றான். “எடுக்கப் போறன்.”

அவனுக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் உட்கார்ந்துகொண்டேன்.